முகத்தின் வளர்ச்சியைத் தடுத்தது பிளவா, கத்தியா?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

எம்மிடம் படித்த மாணவர் ஒருவருக்குப் போன மாதம் ஆண் குழந்தை கிடைத்தது. மேலுதடு இடப் பக்கம் பிளந்து, அந்தப் பிளவு முரசு வழியாகப் போய் அண்ணம் முழுக்கத் திறந்திருக்கிறது. மூன்றாம் நாள் இரவு வட்ஸ்அப்பில் குரல் பதிவொன்று அனுப்பியிருந்தார். "சேர், யூடியூப்ல ஒரு பிளேட் காட்டுறாங்க. பிறந்த உடனே புள்ளட வாய்க்குள்ள போட்டா முகம் ஒழுங்கா வளருமாம். நாங்க பிந்திட்டமா சேர்?"

நாம் வைத்தியர்கள் அல்ல, வரலாறு படிப்பிக்கிறவர்கள். அதனால் அன்றிரவு எம்மால் சொல்லக்கூடியதாக இருந்தது ஒன்றுதான். "கிளினிக்கில் சொல்றதை விடாமச் செய்யுங்க. அந்தப் பிளேட்டை யார், எப்போ, ஏன் கண்டுபிடிச்சாங்க என்று நாங்க தேடிப் பார்த்துச் சொல்றோம்." மூன்று வாரமாக வாசித்தோம். அந்தக் கதையின் நடுவில் நமது காலி நகரம் வந்து நிற்கும் என்று நாம் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை.

முதலில் ஒரு விடயத்தைச் சொல்லிவிட்டு வரலாற்றுக்குப் போவோம். அந்த வீட்டில் ஒரு பெரியம்மா, "கிரகணத்தன்று கத்தி பிடிச்சிருப்பா" என்று தாயைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். பிள்ளை பெற்று ஒரு வாரமும் ஆகாத பெண். நம் ஊர்களில் இந்தப் பேச்சு இன்னும் சாகவில்லை. நபியவர்களின் மகன் இப்றாஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. சனங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசியபோது, எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டு 1,400 வருடமாகியும் ஒரு தாயின் தலையில் இந்தப் பழியைப் போட நமக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ.

உண்மையில் நடப்பது இதுதான். கருவில் முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. பக்கங்களிலிருந்தும் மேலிருந்தும் வளர்ந்து வரும் மேடுகள் நடுவில் சந்தித்து ஒட்டுகின்றன. உதடு 4ஆம் கிழமைக்கும் 7ஆம் கிழமைக்கும் இடையில் ஒட்டிவிடும். வாயின் கூரையான அண்ணம் அதற்குப் பிறகு, ஏறக்குறைய 12ஆம் கிழமைக்குள் மூடும். எங்காவது சந்திப்புத் தவறினால் அந்த இடம் திறந்தபடி பிள்ளை பிறக்கிறது. பல தாய்மாருக்குத் தாங்கள் கர்ப்பம் என்று உறுதியாகும் காலத்திலேயே உதட்டின் விடயம் முடிந்துவிடுகிறது. உலகில் ஏறக்குறைய 700 பிறப்புகளுக்கு ஒன்று இப்படி.

இனி வரலாறு. உதட்டைத் தைப்பது மிகப் பழைய வேலை. சீனாவில் 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெய் என்ற ஏழை இளைஞன் ஒருவனுக்கு அது செய்யப்பட்டதாகப் பதிவுண்டு. 100 நாள் கஞ்சி மட்டும் குடிக்க வேண்டும், சிரிக்கவோ பேசவோ கூடாது என்பது வைத்தியரின் நிபந்தனை. அரை ஆயுள் வரைக்கும் பேசாமல் இருக்கச் சொன்னாலும் இருப்பேன் என்ற கருத்தில் அவன் பதில் சொன்னானாம். பிறகு அவன் பெரிய பதவிக்கும் வந்தான். உதடு தைக்கப்பட்டதால்தான் பதவி கிடைத்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலில் இருக்கும் வலியை, வகுப்பில் கடைசி வாங்கில் இருந்துகொண்டு கேள்விக்கு விடை தெரிந்தும் கையுயர்த்தாத பிள்ளைகளிடம் நாம் பார்த்திருக்கிறோம்.

தைப்பதற்கு முன்பே பிளவை நெருக்கிவிட வேண்டும் என்ற எண்ணமும் பழையதுதான். இரண்டு பக்கமும் பிளந்த பிள்ளைகளில் நடு முரசு மூக்கு நுனிக்குக் கீழே முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். அதன்மேல் உதட்டை இழுத்துத் தைத்தால் தையல் பிரிந்துவிடும். 16ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பியர் ஃபிராங்கோ ஒட்டுப் பட்டிகளால் கன்னங்களை நெருக்கினார். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹொஃப்மன் தலையில் ஒரு தொப்பியை மாட்டி, அதிலிருந்து முகத்துக்குக் குறுக்கே பட்டி கட்டினார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரிஸில் தெஸோ என்ற சத்திரசிகிச்சையாளர் துணிக்கட்டால் அந்தத் துருத்தலைச் சில கிழமைகள் அமுக்கி வைத்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தார். இன்றைக்கு உதட்டுக்குக் குறுக்கே ஒட்டும் பிளாஸ்டர் பட்டி இதன் வாரிசுதான்.

இதற்கிடையில் 1741இல் பரிஸ் வைத்தியர் நிக்கொலா ஒந்த்ரி ஒரு நூல் எழுதி, அதற்குத் தலைப்பாக ஒரு புதிய சொல்லைச் செய்தார். கிரேக்கத்தில் 'நேர்' என்ற சொல்லையும் 'பிள்ளை' என்ற சொல்லையும் சேர்த்து 'ஓர்தோபீடி' என்றார். நாம் எலும்பு முறிவு வார்ட்டுக்குச் சொல்லும் ஓர்தோபீடிக் என்ற சொல் ஆரம்பத்தில் பிள்ளைகளை நேராக்குவதைத்தான் குறித்தது. அந்த நூலில் ஒரு படம் இருக்கிறது. வளைந்த இளமரமொன்றை நேரான கம்போடு கயிற்றால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். நமக்கு அதைப் பார்த்ததும் 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பதுதான் ஞாபகம் வந்தது. பிளேட்டின் கதை முழுவதிலும் இந்த நம்பிக்கைதான் ஓடுகிறது.

உதடு அளவுக்கு அண்ணம் எளிதாக மனிதனுக்கு வசப்படவில்லை. பல நூற்றாண்டுகள் அதை ஓட்டை அடைக்கும் மூடிகளால்தான் சமாளித்தார்கள். 1819இல் ஜோன் ஸ்டீவன்சன் என்ற கனேடிய மருத்துவ மாணவர் பரிஸுக்குப் போனார். மென் அண்ணத்தில் பிளவோடு பிறந்தவர். ஃபிலிபேர் ரூ என்ற சத்திரசிகிச்சையாளர் அவரது பிளவைத் தைத்து மூடினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அடுத்த வருடமே அந்த மாணவர் எடின்பரோவில் தன் பட்ட ஆய்வைத் தனக்கு நடந்த அதே சத்திரசிகிச்சையைப் பற்றி எழுதினார். பிறகு மொன்ட்ரியலில் மருத்துவக் கல்வி நிலையத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரானார். அதுதான் பின்னர் மெக்கில் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமானது. பேச முடியாதவன் என்று ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய ஒருவர், விரிவுரை மண்டபத்தில் பேசிப் பேசியே வைத்தியர்களை உருவாக்கியிருக்கிறார்.

1861இல் ஜேர்மனியில் லாங்கன்பெக் கடின அண்ணத்தையும் மூட வழி கண்டார். எலும்பின் மேலிருக்கும் தடித்த தோலை எலும்போடு ஒட்டிய படையுடன் சேர்த்து உரித்து, இரு பக்கத்திலிருந்தும் நடுவுக்கு இழுத்துத் தைப்பது அவருடைய முறை. அதன்பின் அண்ணம் மூடுவது வழக்கமான வேலையாயிற்று. பிரச்சினையும் இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு வயதில் செய்யும் வேலையின் விளைவு பதினைந்து வயதில்தானே தெரியும்?

விளைவு இப்படி இருந்தது. சிறு வயதில் முகம் நன்றாகவே இருக்கும். வளர வளர நடு முகம் பின்தங்கும். கன்னம் தட்டையாகும். மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய்விடும். பருவ வயதில் கீழ்த்தாடை வேகமாக வளரும்போது மேல் தாடை அதோடு ஈடுகொடுக்காது. இதை எல்லாரும் "பிளவுக்காரர்களின் முகம்" என்றே நினைத்தார்கள். பிளவோடு பிறந்தால் முகம் இப்படித்தான் வளரும் என்று முடிவுகட்டினார்கள்.

சிலர் இன்னும் தூரம் போனார்கள். சிக்காகோவில் ட்ரூமன் பிரோஃபி, சில கிழமைக் குழந்தைகளின் இரண்டு மேல் தாடைத் துண்டுகளையும் வெள்ளிக் கம்பியும் ஈயத் தகடும் போட்டு முறுக்கி நெருக்கினார். பிளவு அந்த இடத்திலேயே மூடியது. ஆனால் எலும்புக்குள் இருந்த பல் முளைகள் சேதமாயின, தாடை ஒடுங்கிப் போனது. நல்லது செய்கிறோம் என்ற முழு நம்பிக்கையோடு செய்த வேலை என்பதுதான் இதில் கவலைக்குரியது.

எதிர்க் குரல் எழுப்பியவர்களில் ஒருவர் ஹெரல்ட் கிலீஸ். முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த படைவீரர்களுக்கு முகம் செய்து கொடுத்தவர். அவரும் பல் வைத்தியர் கெல்சி ஃபிரையும் 1921இல் ஒரு யோசனை சொன்னார்கள். மென் அண்ணத்தைப் பின்னால் தள்ளித் தைத்துவிட்டு, முன்பக்கக் கடின அண்ணத்தின் ஓட்டையைத் தொடாமல் விட்டு, அதை ஒரு பல் தகட்டால் மூடுங்கள் என்றார்கள். கத்திதான் ஏதோ செய்கிறது என்று அவர்களுக்குச் சந்தேகம். ஆனால் அளந்து காட்டும் வழி இருக்கவில்லை.

அளவுகோல் 1931இல் வந்தது. அமெரிக்காவில் புரோட்பென்டும் ஜேர்மனியில் ஹொஃப்ராத்தும் தனித்தனியாக, தலையை ஒரே நிலையில் பிடித்து வைத்துப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு பிள்ளையின் முகம் வருடா வருடம் எவ்வளவு வளர்கிறது என்று அதில் கோடு கீறிப் பார்க்கலாம். 1949இல் சிக்காகோவின் தோமஸ் கிரேபர் அப்படி அளந்து, சிறு வயதில் அண்ணம் தைக்கப்பட்ட பிள்ளைகளின் மேல் தாடை மூன்று திசையிலும் குன்றியிருப்பதைக் காட்டினார். அண்ணத்தின் தோலை உரித்தெடுத்த இடத்தில் எலும்பு வெறுமையாக நிற்கும். அதை மூடி வளர்வது தழும்பு. தழும்பு சுருங்கும் தன்மையுள்ளது, வளராது. வளர வேண்டிய எலும்பை அது வருடக்கணக்கில் பிடித்து இழுக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் பிளேட் வருகிறது. 1950இல் கிளாஸ்கோவில் கெர் மக்நீல் என்ற பல் வைத்தியர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் துறை செயற்கைப் பல். அதனால் அச்செடுப்பதும் பிளேட் செய்வதும் கைப்பழக்கம். பிறந்த குழந்தையின் மேல்வாயை அச்செடுத்துச் சாந்துக் கட்டியில் வார்ப்பார். அந்த மாதிரியை வெட்டி, விலகி நிற்கும் துண்டுகளைக் கொஞ்சம் சரியான திசைக்கு நகர்த்தி ஒட்டுவார். நகர்த்திய மாதிரிக்கு அளவாக அக்ரிலிக் பிளேட் செய்வார். அதைக் குழந்தையின் வாயில் வைத்தால் பிளேட்டுக்கும் வாய்க்கும் சிறு வித்தியாசம் இருக்கும் அல்லவா? குழந்தை சூப்பும் ஒவ்வொரு தடவையும் அந்த வித்தியாசம் தாடைத் துண்டைத் தள்ளும். பொருந்தியதும் அடுத்த பிளேட். இப்படி வரிசையாகப் பல பிளேட்.

பார்க்கிறவர்களுக்கு அது அற்புதமாக இருந்திருக்கும். கத்தி படாமலே பிளவு ஒடுங்குகிறது. பிளேட்டின் தூண்டுதலால் திசுவே வளர்ந்து பிளவை மூடுகிறது என்று மக்நீல் நம்பினார். லிவர்பூலில் வில்லியம் பேர்ஸ்டன் இதை எடுத்து வளர்த்தார். ஐரோப்பா முழுக்கப் பரவியது. நொந்துபோன பெற்றோருக்குப் பிறந்த வாரத்திலேயே ஏதாவது செய்யத் தொடங்கினோம் என்ற ஆறுதல். வைத்தியர்களுக்கும்தான்.

பிளேட்டோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. நெருங்கிய துண்டுகள் மறுபடி விலகாதிருக்கக் கைக்குழந்தையின் விலா எலும்பில் ஒரு சிறு துண்டை எடுத்து முரசுப் பிளவுக்குள் பதித்தார்கள். 1950களிலும் 60களிலும் பல நாடுகளில் இதுதான் புதுமை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபோது பல இடங்களில் மேல் தாடை முன்பைவிட மோசமாகக் குன்றியிருந்தது. பெரும்பாலான இடங்களில் கைவிட்டார்கள். இன்று எலும்பு வைப்பது ஏறக்குறைய 8 முதல் 11 வயதுக்குள், கோரைப் பல் இறங்கும் முன்பாக. மேல் தாடையின் வளர்ச்சி பெரிதும் முடிந்த பிறகு.

அந்த உற்சாகக் காலத்தில் 'இல்லை' என்று எழுதியவர் சிக்காகோவின் சாமுவேல் புருசான்ஸ்கி. 1964இல் வந்த அவரது கட்டுரையின் தலைப்பிலேயே 'மாற்றுக் கருத்து' என்ற சொல் இருந்தது. பிறந்த நாளிலிருந்து பிள்ளைகளின் வாய் அச்சுகளை வருடக்கணக்கில் சேர்த்து வைத்தவர் அவர். உதட்டைத் தைத்தாலே போதும், அந்த உதட்டின் அழுத்தமே துண்டுகளை நெருக்கிவிடுகிறது, பிளவு வளர்ச்சியோடு தானாகவும் ஒடுங்குகிறது என்பது அவர் வாதம். பிளேட் செய்ததாக நீங்கள் சொல்வது பிளேட் இல்லாமலும் நடக்கும், ஒப்பிட்டுப் பார்க்காமல் எப்படிப் பெருமை கொள்கிறீர்கள் என்பதுதான் அவருடைய கேள்வியின் சாரம். எமக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் பிளேட் நிற்கவில்லை. சூரிச்சில் ஹொட்ஸ் தம்பதியர் தள்ளாத, வழிகாட்ட மட்டும் செய்யும் பிளேட்டை வடிவமைத்தார்கள். கனடாவின் லேதம் தாடை எலும்பில் ஊசியால் பொருத்தித் திருகாணியால் நகர்த்தும் கருவி செய்தார்.

ஆக, அடிப்படைக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. முகத்தைக் குன்றவைத்தது பிளவா, கத்தியா? பிளவுதான் காரணமென்றால் பிளேட் போட்டு வளர்ச்சியைத் தூண்டுவதில் அர்த்தமுண்டு. கத்திதான் காரணமென்றால் பிளேட் எதைத் திருத்தப் போகிறது? இதைத் தீர்க்க ஒரே வழி, பிளவோடு பிறந்து யாருமே கை வைக்காமல் முழுதாக வளர்ந்த மனிதர்களைப் பார்ப்பது. லண்டனிலோ சூரிச்சிலோ அப்படி ஒருவரும் கிடைக்கமாட்டார். வைத்தியம் எட்டாத இடத்தில்தான் கிடைப்பார்.

மெக்சிக்கோவில் ஓர்டீஸ் மொனஸ்டேரியோ 1959இலேயே அப்படிப்பட்டவர்களை அளந்து, அவர்களின் மேல் தாடை குன்றவில்லை என்று எழுதியிருந்தார். ஆனால் பெரிய பதில் வந்தது நமது நாட்டிலிருந்து.

லண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையின் பற்சீராக்கல் நிபுணர் மைக்கேல் மார்ஸ் 1980களின் நடுப்பகுதியில் காலியை மையமாக வைத்து ஒரு திட்டத்தைத் தொடங்கினார். இலங்கை உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவுத் திட்டம் என்று அதற்குப் பெயர். சத்திரசிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர் என்று ஒரு குழுவே வந்தது. தென் பகுதியில் பிளவோடு வளர்ந்து, இளைஞராகி, பெரியவராகியும் ஒரு தையலும் போடப்படாதவர்கள் அவர்களிடம் வந்தார்கள். உதடு மட்டும் தைக்கப்பட்டு அண்ணம் திறந்தபடி இருந்தவர்களும் வந்தார்கள். குழு சத்திரசிகிச்சை செய்தது. செய்வதற்கு முன் ஒவ்வொருவருக்கும் பக்கவாட்டு எக்ஸ்ரேயும் வாய் அச்சும் எடுத்து வைத்தது.

மார்ஸும் ஹூஸ்டனும் 1990இல் அந்த அளவீடுகளை வெளியிட்டார்கள். 13 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள். ஒரு பக்க முழுப் பிளவு. ஒன்றும் தைக்காதவர்களின் மேல் தாடை பிளவற்றவர்களுடையதைப் போலவே முன்னோக்கி வளர்ந்திருந்தது. உதடு மட்டும் தைத்தவர்களிலும் கிட்டத்தட்ட அப்படியே. சிறு வயதில் அண்ணமும் தைக்கப்பட்டவர்களில்தான் நடு முகம் பின்தங்கியிருந்தது.

நூறு வருடமாக "பிளவுக்காரர்களின் முகம்" என்று புத்தகத்தில் இருந்தது உண்மையில் தழும்பின் முகம். வளரும் சக்தியை அல்லாஹ் அந்தப் பிள்ளைகளுக்குக் குறையாமல்தான் கொடுத்திருந்தான்.

இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தோம். உலகின் பிளவுச் சிகிச்சைப் புத்தகங்களில் இலங்கை என்ற பெயர் வருகிறது. ஆனால் அது வருவதற்குக் காரணம், வைத்தியம் கிடைக்காமல் முப்பது நாற்பது வயது வரை வாயைக் கையால் மறைத்துக்கொண்டு வாழ்ந்த நம் நாட்டு மனிதர்கள். பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்று இன்னும் எமக்குத் தெளிவில்லை.

அப்படியென்றால் அண்ணத்தைத் தைக்காமலே விட்டுவிடலாமே, முகம் அழகாக வளருமே என்று யாரும் கேட்கலாம். அதற்கான பதிலும் காலியிலேயே கிடைத்தது. பேச்சுச் சிகிச்சை நிபுணர் டெபி செல், வளர்ந்த பிறகு அண்ணம் தைக்கப்பட்ட அதே இலங்கையரின் பேச்சை ஆராய்ந்தார். அண்ணம் திறந்திருந்தால் வாய்க்குள் காற்றை அடக்க முடியாது. 'பட்டம்' என்று சொல்லப் போனால் 'மண்ணம்' போல மூக்கால் வரும். பிள்ளை அதைச் சமாளிக்கக் காற்றைத் தொண்டையிலேயே வெட்டிப் பேசப் பழகிவிடுகிறது. பல வருடம் பழகிய அந்த முறை, பிறகு ஓட்டையை மூடினாலும் போவதில்லை. பிந்தித் தைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரின் பேச்சு கடைசி வரை சரியாகவில்லை.

மூஸா நபி தன் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி கேட்ட துஆவை நாம் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன் ஓதக் கொடுக்கிறோம். ஃபிர்அவ்னிடம் போகுமுன் அவர் கேட்டவற்றில் பேச்சும் ஒன்று. முகத்தின் வளர்ச்சிக்காகப் பேச்சை விலையாகக் கொடுக்கச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. பெரும்பாலான வைத்தியர்களும் அப்படித்தான் முடிவெடுத்தார்கள். தழும்பு வரும் என்று தெரிந்தும், எலும்பை முடிந்தளவு வெறுமையாக விடாமல், ஒரு வயதை ஒட்டியே அண்ணத்தைத் தைக்கிறார்கள். 2023இல் வெளியான பெரிய ஆய்வொன்று, உதடு பிளக்காமல் அண்ணம் மட்டும் பிளந்த 558 குழந்தைகளை 6 மாதத்தில் தைப்பதா 12 மாதத்தில் தைப்பதா என்று ஒப்பிட்டது. 5 வயதில் மூக்குவழிக் காற்றுக் கசிவால் பேச்சுக் குறைபாடு இருந்தது 6 மாதக் குழுவில் 8.9 சதவீதத்துக்கு, 12 மாதக் குழுவில் 15 சதவீதத்துக்கு. பேச்சின் மணிக்கூடு அவ்வளவு வேகமாக ஓடுகிறது.

சரி, பிளேட்?

மார்ஸ் இன்னொரு வேலையும் செய்திருந்தார். 1987இல் ஒஸ்லோ நிபுணர்களோடு சேர்ந்து, வாய் அச்சைப் பார்த்து மேல், கீழ்த் தாடைப் பொருத்தத்தை 5 தரமாகப் பிரிக்கும் அளவுகோலை உருவாக்கினார். லண்டன் வைத்தியசாலையின் பெயரையும் ஒஸ்லோவின் பெயரையும் சேர்த்து அதற்கு 'கொஸ்லன்' என்று பெயர். அந்த அளவுகோல் கையில் இருந்ததால், ஐரோப்பாவின் 6 சிகிச்சை நிலையங்கள் தங்கள் பிள்ளைகளை ஒன்றோடொன்று நேர்மையாக ஒப்பிட முன்வந்தன. 1992இல் முதல் முடிவுகள் வந்தன. நிலையத்துக்கு நிலையம் பெரிய வித்தியாசம். ஆனால் கூடுதலாக, சிக்கலாக, செலவாகச் செய்த இடத்தில் கூடுதல் நன்மை கிடைத்ததாகத் தெரியவில்லை. பிறகு ஐரோப்பா முழுவதும் 201 குழுக்களைக் கணக்கெடுத்தபோது, ஒரே வகைப் பிளவுக்கு 194 விதமான சிகிச்சை முறைகள் இருந்தன. பாதிக்கு மேற்பட்ட குழுக்கள் பிளேட் போட்டுக்கொண்டிருந்தன. 194 முறைகளும் ஒரே நேரத்தில் சிறந்த முறையாக இருக்க முடியாது என்பதற்குக் கணித ஆசிரியர் தேவையில்லை.

கடைசியில் துணிந்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். நைமேகன், அம்ஸ்டர்டாம், ரொட்டர்டாம் ஆகிய 3 நிலையங்களில் 1993 முதல் 1996 வரை ஒரு பக்க முழுப் பிளவோடு பிறந்த 54 குழந்தைகள். குலுக்கல் முறையில் ஒரு பாதிக்குப் பிளேட், மறு பாதிக்கு இல்லை. மற்ற எல்லாச் சிகிச்சையும் இருவருக்கும் ஒன்றுதான். பிளேட் போட்டவர்கள் மென் அண்ணம் தைக்கும் வரை, ஏறக்குறைய ஒரு வருடம், அதை அணிந்தார்கள். 54 என்பது சின்ன எண். நம் பாடசாலையில் ஒன்றரை வகுப்பு. ஆனால் மக்நீலின் கட்டுரைக்கு 40 வருடத்துக்கும் மேல் கழிந்து, பிளேட் போட்டதையும் போடாததையும் குலுக்கிப் பிரித்து இவ்வளவு நீண்ட காலம் பின்தொடர்ந்தது இந்தச் சின்னக் கூட்டத்தைத்தான்.

முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. முதல் வருடத்தில் பிளேட் போட்ட பிள்ளைகளின் தாடைத் துண்டுகள் வேறு மாதிரி நகர்ந்தன, உண்மைதான். உதடும் மென் அண்ணமும் தைத்த பிறகு அந்த வித்தியாசம் காணாமல் போயிற்று. பால் குடிப்பதிலும் நிறை கூடுவதிலும் வித்தியாசமில்லை. தாய்மாரின் மனநிறைவிலும் இல்லை. 4 வயதிலும் 6 வயதிலும் பல் பொருத்தம், முகத் தோற்றம், எக்ஸ்ரே அளவு என்று எதிலும் நிலையான நன்மை தெரியவில்லை. இரண்டரை வயதில் பேச்சில் மட்டும் சிறு அனுகூலம் இருந்தது. முக வளர்ச்சிக்காக இந்தப் பிளேட்டைப் போடுவதற்கு ஆதாரம் இல்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். பிளேட் போடும் நாட்டில் இருந்துகொண்டே அப்படி எழுதியது லேசான காரியமல்ல.

ஐந்தில் வளைந்தது உண்மை. ஆறாவது வயதில் அந்த வளைவைத் தேடிப் பார்த்தால் காணவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். யூடியூபில் அவர் பார்த்தது இந்தப் பழைய பிளேட் அல்ல. நியூயோர்க்கில் கிரேய்சன் 1993 அளவில் தொடங்கிய முறை. பிளேட்டிலிருந்து ஒரு சிறு தண்டு மூக்குத் துவாரத்துக்குள் போய், சப்பிய மூக்கை உள்ளிருந்து தூக்கிப் பிடிக்கும். பிறந்த முதல் கிழமைகளில் குருத்தெலும்பு மெழுகுபோல் இளகியிருக்கும் என்று ஜப்பானியர் காதுகளில் கண்டதை மூக்குக்குக் கொண்டுவந்தார்கள். அதன் நோக்கம் மூக்கின் வடிவமும், உதடு தைப்பதை இலகுவாக்குவதும். சில நிபுணர்கள் அதை விரும்பிச் செய்கிறார்கள், சிலர் செய்வதில்லை. மூக்குக்குக் கிடைக்கும் நன்மை எவ்வளவு காலம் நிற்கும் என்பது அவர்களுக்குள் இன்றும் நடக்கும் விவாதம். ஆனால் 'முகம் ஒழுங்காக வளரும்' என்ற வாக்குறுதி அதற்கு உரியதல்ல. வீடியோவின் கீழே எழுதியவர் இரண்டையும் கலந்துவிட்டார்.

அதனால் அந்த வாப்பாவுக்கு நாம் அனுப்பிய பதில் சுருக்கமானது. நீங்கள் பிந்தவில்லை. பிளேட் போடாததால் உங்கள் பிள்ளையின் முகம் வளராமல் போகாது. மூக்குக்காக ஏதாவது செய்ய வேண்டுமா என்பதை உங்கள் வைத்தியர் சொல்லட்டும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நிறை சரியாகக் கூடுகிறதா? உதடு எப்போது, அண்ணம் எப்போது? காது கேட்பதை எப்போது பரிசோதிப்பீர்கள்? அண்ணப் பிளவுள்ள பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேச்சுச் சிகிச்சையாளரை எப்போது சந்திப்பது? பதினைந்து, பதினாறு வயதில் மேல் தாடை பின்தங்கினால் அதற்கும் அப்போது சத்திரசிகிச்சை உண்டு, தாடையை முன்னால் நகர்த்தி வைக்கிறார்கள், இன்று அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

கத்தியையும் கிரகணத்தையும் பற்றித் தாய்க்குத் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பினோம்.

நேற்று அஸருக்குப் பிறகு பதில் வந்தது. அமுக்கிக் கொடுக்கும் மென்மையான போத்தலில், பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துப் பால் கொடுக்கப் பழகிவிட்டார்களாம். மூக்கால் வருவது குறைந்துவிட்டதாம். போன கிளினிக்கைவிட 600 கிராம் கூடியிருக்கிறது. உதடு தைக்கத் திகதி கொடுத்துவிட்டார்கள். பின்னால் பிள்ளை அழும் சத்தம் கேட்டது, நல்ல பலமான சத்தம்.

"சேர், பெரியம்மா இப்ப ஒண்டும் சொல்றதில்ல" என்று முடித்திருந்தார்.